வாழ்த்து அட்டைக்குள் ஒரு கடல்

பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது போர்ட் பிளேயர்: தென்னைகள், கடல், குன்று, சின்னதாகக் கலங்கரை விளக்கம். 2019இல் வந்த புதிய நோட்டில் அந்த இடத்துக்கு எல்லோரா வந்துவிட்டது. ஊரின் பெயரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது.

பிறந்தநாள் அட்டைக்குள் பணம் வைப்பது நம் வழக்கம். அந்த ஊர்த் தமிழ்ப் பெண் ஒருத்தி தன் அத்தைக்குச் செய்த அட்டையில் பணமே அழைப்பானது. கெட்டித் தாளை இரண்டாக மடித்து, நான்கு இடத்தில் பிளேடால் கீறி, நோட்டின் படம் தெரிய மூலைகளைச் செருகியிருந்தாள். ஒரு துளி பசை படவில்லை. கீழே நீல மையில், "அத்தை, இந்த லைட்ஹவுஸ் பக்கம், நார்த் பே, ஞாயித்துக்கிழமை போறோம். காலைல ஒன்பது மணிக்கு ஜெட்டிக்கு வந்துடுங்க. டிக்கெட் என் செலவு, புளிசாதம் உங்க கையால."

அந்தக் கடைசி வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. விருந்தாளியாக மட்டும் கூப்பிடாமல் அத்தைக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டாள். இனி எப்படி மறுப்பார்?

காலை நேரம் குறித்ததும் தீவுக்காரரின் கணக்கு. டிசம்பரில் அங்கே மாலை 5 மணிவாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது.

'ஒருநாள் எங்காவது போவோம்' என்று எழுதினால் அந்த நாள் வரவே வராது. அடுத்த அட்டையில் கிழமையையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.