காத்திருக்கும் கை

உடம்பு பிடித்துவிடுகிறவரின் கெட்டிக்காரத்தனத்தை நாம் வலியை வைத்துத்தான் அளக்கிறோம். கட்டைவிரலை ஊன்றி அழுத்தும்போது உயிர் போய் உயிர் வந்தால் ஆள் தேர்ந்தவர். மறுநாள் தோள் கன்றிப்போயிருந்தால் கொடுத்த காசுக்கு வஞ்சகமில்லை. இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டவர்கள் பிராக் நகரத்து மருத்துவர்கள் இருவர்: கரெல் லெவிட், விளாதிமீர் யாண்டா. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்கள் வளர்த்தெடுத்த பயிற்சியில் பழகிய ஒரு கை வேலை செய்வதைப் பார்க்க உட்கார்ந்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெரும்பாலான நேரம் அந்தக் கை சும்மாவே இருக்கிறது.

லெவிட் (1916–2014) நரம்பியல் படித்தவர். எலும்பு முறிந்திருக்காது, நரம்பு நசுங்கியிருக்காது, எக்ஸ்ரேயிலும் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் தலையைத் திருப்பினால் பாதி வழியில் நின்றுவிடும். இப்படிப்பட்டவர்கள்தான் அவருடைய அக்கறை. உறுப்பில் பழுதில்லை என்றால் அது இயக்கப்படும் விதத்தில் பழுதைத் தேட வேண்டும் என்பது அவர் கட்சி. தசையை இறுக்குவதும் தளர்த்துவதும் மூளையும் தண்டுவடமும்தான். அவற்றைக் கேட்காமல் தசையை மட்டும் பிசைந்துகொண்டிருப்பதில் என்ன லாபம்?

1984-இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து லெவிட் எழுதிய கட்டுரை அவருடைய தளர்த்தும் முறையை வெளியுலகுக்குக் கொண்டுபோனது. பிடரித் தசைகளில் அதைச் செய்வதைப் பார்க்க வேண்டும். படுத்திருப்பவரின் பின்மண்டையைச் சிகிச்சையாளர் இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி, மோவாய் நெஞ்சை நோக்கி வரும்படி மெல்லச் சாய்க்கிறார். ஓரிடத்தில் தொய்வு தீர்ந்து முதல் தடை தட்டுப்படும். அங்கேயே நின்றுவிட வேண்டும், ஒரு நூல்கூடத் தாண்டக் கூடாது. கிணற்றுக்குள் வாளி தண்ணீரைத் தொட்டதைக் கயிறு பிடித்த கை அறிவதுபோல இந்த இடத்தை அறிய வேண்டும். பயிற்சியில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். “கண்ணை மட்டும் மேலே உயர்த்துங்க. மூச்சை மெதுவா இழுங்க.” தலை அசைவதில்லை. ஆனால் ஏந்திய கையில் சன்னமாக ஓர் எதிர்ப்பு ஏறுகிறது. அதைப் பத்து விநாடி போலத் தாங்கியிருக்கிறார். “இப்ப கீழே பாருங்க. மூச்சை விட்டுருங்க.”

எனக்குப் பிடித்த கட்டம் இதற்குப் பிறகுதான். அவர் இழுப்பதில்லை, தள்ளுவதில்லை. தலை தானாகக் கனத்து, தானாகவே சரிந்து வருகிறது. கை கூடவே போகிறது, அவ்வளவுதான். பத்து விநாடியில் முடியலாம், அரை நிமிடமும் ஆகலாம். “இன்னும் கொஞ்சம் வருமே” என்று ஆசைப்பட்டுச் சிறிது உந்தினால் போதும், தசை உஷாராகிவிடும். கைவேலைக்காரர்களுக்கு இந்த இடத்தில்தான் மானம் போகும். பல வருடம் பலத்தை நம்பிப் பிழைத்த விரல்களை அடக்கி வைப்பது லேசான காரியமில்லை.

கண்ணுக்கும் பிடரிக்கும் என்ன சம்பந்தம் என்று சந்தேகப்படுகிறவர்கள் சோதித்துப் பார்க்கலாம். மண்டையோட்டின் அடிவிளிம்புக்குக் கீழே, நடுக்குழிக்கு இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விழிகளை மட்டும் இடமும் வலமும் ஓட்டுங்கள். விரலுக்கடியில் பொடித் தசைகள் அசைவது தெரியும். தசை எவ்வளவு நீள்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணரிகள் மிக நெருக்கமாகப் புதைந்திருக்கும் தசைகளில் இவையும் சேர்த்தி.

சுருக்கிவிட்ட தசை ஏன் தளர்கிறது? சுருங்கி முடித்ததும் தண்டுவடம் அந்தத் தசைக்கான கட்டளையைத் தணித்துவிடுகிறது என்பது பழைய பதில். அந்தத் தணிப்பு சில விநாடிகளே நீடிக்கும் என்பதால் இன்று அதை மட்டும் யாரும் நம்பியிருப்பதில்லை. நீட்சியை மூளை முன்பைவிட அதிகம் பொறுத்துக்கொள்கிறது என்ற விளக்கத்துக்கே இப்போது செல்வாக்கு. விளக்கம் மாறியும் கையின் வேலை மாறவில்லை என்பதை நான் ரசிக்கிறேன்.

தோலிலும் லெவிட் இதையே செய்தார். வலியுள்ள பகுதியில் விரல்நுனிகளுக்கிடையே தோலைத் துளி விலக்கிப் பார்த்தால், மற்ற இடங்களைவிட முன்னதாகவே அது அடம்பிடிக்கும். அந்த எல்லையில் அழுத்தாமல் காத்திருந்தால் சற்று நேரத்தில் இளகும். பழைய அறுவைத் தழும்புகளை அவர் விட்டுவைத்ததே இல்லை. வயிற்றுத் தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கிறவர் அவர் பள்ளியில் தேற முடியாது.

யாண்டாவிடம் கற்க வேண்டியது கண். பதின்வயதில் போலியோ கண்டவர் அவர். எந்தத் தசை கூப்பிட்டவுடன் ஓடி வருகிறது, எது படுத்துக்கொள்கிறது என்பதே அவர் ஆராய்ச்சி. குப்புறப் படுத்தவரைக் காலைத் தூக்கச் சொல்லி, பிட்டம், பின்தொடை, கீழ்முதுகு ஆகியவற்றில் எது முந்துகிறது என்று பார்ப்பார். பின்னாளில் மின்முனை ஒட்டிச் சோதித்தவர்கள், வலியே இல்லாதவர்களிடமும் இந்த வரிசை ஆளுக்கு ஆள் மாறுவதைக் கண்டார்கள். வரிசையை விட்டுவிடலாம். வலிக்கும் இடத்தில் கை வைக்கும் முன் முழு ஆளும் எப்படி அசைகிறார் என்று பார்க்கும் பழக்கத்தை விட வேண்டியதில்லை.

‘செயல்சார் நரம்பியல்’ என்ற பலகையின் கீழ் இன்று என்னென்னவோ விற்கிறார்கள். ஒரே வாரயிறுதியில் மூளையைச் சீர்படுத்தக் கற்றுத்தருகிறோம் என்கிற கடைகளும் உண்டு. பிராக்காரர்கள் அவ்வளவு பெரிதாக வாக்குக் கொடுக்கவில்லை. லெவிட் கைவேலையோடு வீட்டுப்பாடமும் கொடுத்தனுப்புவார். எதிர்க்கும் கைக்குப் பதிலாகப் புவியீர்ப்பு: தலையைத் துளி உயர்த்திப் பிடித்து, மூச்சோடு சேர்த்து அதன் எடைக்கே விட்டுவிட வேண்டும். நன்றாகக் கற்றுக்கொண்ட நோயாளி அடுத்த வாரம் வர மாட்டார். வாரயிறுதி விளம்பரங்களில் இந்தப் பாடத்தை மட்டும் காணோம்.