காற்றை யார் வாங்குவது?

மன்சூர் கான் இயக்கி ஆமிர் கான் நடித்த ‘ஜோ ஜீதா வஹி சிக்கந்தர்’ (1992) டி.வி.யில் வந்தால் இப்போதும் சானல் மாற்ற மனசு வருவதில்லை. பாட்டு, பள்ளிக்கூட ரகளை எல்லாம் ஜோர். கடைசி சைக்கிள் ரேஸ் மட்டும் உதைக்கிறது. ஏகப்பட்ட பேர் மிதிக்கிறார்கள். காமிராவுக்குத் தெரிவதோ இரண்டே பேர், நல்லவன், கெட்டவன். நடுவில் இறங்கிக் கைகலப்பு வேறு. மறுபடி ஏறி, பல்லைக் கடித்து மிதித்து, நல்லவன் ஜெயிக்கிறான். எல்லாம் சரி, இந்த ரேஸில் காற்றே அடிப்பதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போனவர்களைக் கேளுங்கள். எதிர்க்காற்றில் முன்னால் போகிறவனுக்குத்தான் முழு உதை. அவன் பின்சக்கரத்தை ஒட்டியே போகிறவனுக்குக் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை உழைப்பு மிச்சம். சைக்கிள் ரேஸின் அத்தனை ராஜதந்திரமும் இந்த ஓசிப் பயணத்தில்தான் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்கு ஒரு பந்தயம் என்று வையுங்கள். உங்கள் பக்கம் சுமாரான நாலு பேர். எதிரே ஒரே ஒரு அசகாய சூரன். முதலில் உங்கள் ஆள் ஒருவன் பிய்த்துக்கொண்டு ஓடுகிறான். சூரன் துரத்தாவிட்டால் அவனே ஜெயித்துவிடுவான். துரத்தினால் மற்ற மூவரும் சூரனின் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வருவார்கள், ஒரு மிதி உதவ மாட்டார்கள். பிடித்துவிட்டானா? அடுத்தவன் கிளம்புவான். மூன்றாம் முறை சூரனின் தொடை கேள்வி கேட்கும். அப்போது, அதுவரை தூங்குவது போல வந்த நாலாவது ஆள் போய்விடுவான். பார்வைக்கு அயோக்கியத்தனம். ஆனால் முதல் மூவரும் தோற்பதற்கென்றே உயிரைக் கொடுத்து மிதித்தார்கள். நம் சினிமாவுக்கு இப்படி ஒரு பாத்திரத்தை என்ன செய்வதென்றே தெரியாது.

நிஜம் எப்படி என்பதற்கு 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பெண்கள் சாலைப் பந்தயம், 137 கிலோமீட்டர். நெதர்லாந்துக்கு நாலு பேர், அதில் மூவர் உலக சாம்பியன் ஆனவர்கள். ஆஸ்திரியாவுக்கு ஒரே ஒருத்தி. ஆன்னா கீசன்ஹோஃபர், கணித ஆராய்ச்சியாளர், தொழில்முறை ஒப்பந்தம் கிடையாது. கொடி அசைந்ததும் இன்னும் நாலு பேரோடு ஓடிப்போனார். ‘டச்சுக்காரிகள்தான் நாலு பேர் இருக்கிறார்களே, அவர்களே துரத்தட்டும்’ என்று மற்ற நாடுகள் சும்மா வந்தன. நால்வரில் யார் காற்றை வாங்குவது என்பதில் டச்சுக்காரிகளுக்கே தெளிவில்லை. ஒரு கட்டத்தில் பத்து நிமிஷ இடைவெளி! ஒலிம்பிக்ஸில் காதில் ரேடியோ கிடையாது. ஓடிப்போனதில் இருவரைக் கடைசியில் பிடித்தார்கள், இன்னும் ஒருத்தி முன்னால் இருப்பதை மறந்தே போனார்கள். வான் ஃப்ளூட்டன் கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்தினார், தங்கம் என்று நினைத்து. கீசன்ஹோஃபர் வந்து சேர்ந்து 1 நிமிஷம் 15 வினாடி ஆகியிருந்தது.

இந்த மாதிரி திரைக்கதை எழுதினால் ‘நம்ப முடியலையே சார்’ என்று திருப்பிக் கொடுப்பார்கள்.

இந்திப் படத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் ‘பிரேக்கிங் அவே’ (1979) பரவாயில்லை. அதில் நாலு நண்பர்கள் மாற்றி மாற்றி ஓட்டும் ரிலே, மற்ற மூவருக்கும் கொஞ்சமாவது வேலை உண்டு. நம்மிடம் வருவதற்குள் சைக்கிளே காணாமல் போய்விட்டது. தெலுங்கில் ‘தம்முடு’ (1999) என்று எடுத்தபோது கிக் பாக்ஸிங் ஆக்கினார்கள். அதுவே தமிழில் விஜய் நடித்த ‘பத்ரி’ (2001). இத்தனைக்கும் 1950களிலேயே ஹெர்குலிஸ் சைக்கிள் செய்த அம்பத்தூர், படம் வந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. சைக்கிளுக்கா பஞ்சம்? ரிங்குக்குள் இரண்டே பேர் என்பது தயாரிப்பாளருக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

முதலில் பிய்த்துக்கொண்டு ஓடினானே, அவனைப் பற்றி யாராவது படம் எடுத்தால் முதல் நாளே டிக்கெட் வாங்கத் தயார்.