தினைப்புனத்துக்குள் நுழைந்த ராஜதுரோகம்

1886-இல் சிவகாசியில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்து, 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டர் மேடையில் முருகன் வேடத்தோடே உயிர்விட்டவர் எஸ். எஸ். விஸ்வநாததாஸ். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: 29 முறை கைதானார், மேடையிலேயே மாண்டார். தியாகி என்ற கணக்கு அதோடு தீர்ந்துவிடுகிறது. கலைஞர் என்ற கணக்கை இன்னும் யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. புராண நாடகத்துக்குள் அரசியலை ஒளித்துப் பாடும் அந்த முறை எதைச் சாதித்தது, எதைத் தொடாமல் விட்டது?

முதலில் முறையைப் பார்ப்போம். ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாரும் தனித்தனியாக முன்பணம் வாங்கிக்கொண்டு வருவார்கள். மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். ஒத்திகை இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த 'வள்ளி திருமணம்' எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் ஒத்திகை தேவைப்படவும் இல்லை. அந்தப் பொதுப் பாடத்தின் இடைவெளிகளில் அவரவர் சரக்கைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தினைப்புனக் காட்சி அப்படியொரு இடைவெளி. வள்ளி பரண்மீது நின்று பறவைகளை விரட்டுகிறாள். கிளி வரும், புறா வரும். விஸ்வநாததாஸ் பாடினால் வெள்ளைக் கொக்கும் வரும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு அது. எந்தக் கடலைத் தாண்டி எதைத் தின்ன வந்த கொக்கு என்பது தரையில் உட்கார்ந்திருந்த கூலிக்காரருக்குப் புரிந்தது. ஒன்ஸ்மோர் கேட்டுக் கத்தினார். நாடகம் பார்க்க வந்த போலீஸ்காரருக்கும் புரிந்தது. ஆனால் வள்ளி கொக்கு விரட்டினாள் என்று வழக்கு எழுதுவது அவருக்கு லேசான வேலை இல்லை. வங்காள நாடகங்களை ஒடுக்குவதற்காக 1876-இல் வந்த நாடக நிகழ்த்துதல் சட்டம் கையில் இருந்தும், அச்சிட்ட பாடத்தைப் புரட்டினால் அதில் முருகனும் வள்ளியும்தான் இருந்தார்கள்.

இந்த முறையின் முதல் பலம் இங்கே தெரிகிறது. பாட்டின் பாதியைப் பாடகர் பாடுகிறார், மீதியைக் கேட்பவர் தன் மனத்துக்குள் பாடி முடிக்கிறார். அப்படி முடித்தவர் வீட்டுக்குப் போகும்போது ரகசியத்தில் பங்காளி ஆகிவிடுகிறார். மேடைப் பேச்சு அவரைக் கேட்பவராகவே வைத்திருக்கும். காங்கிரஸ் கூட்டத்துக்குப் போகப் பயந்தவர்கள் நாடகக் கொட்டகைக்குப் பயமில்லாமல் வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் பத்திரிகை போய்ச் சேராத காலத்தில் ஆர்மோனியம் போய்ச் சேர்ந்தது. சு. தியடோர் பாஸ்கரன் தென்னிந்தியப் பொழுதுபோக்குக் கலைகளுக்கும் தேசிய இயக்கத்துக்கும் இருந்த உறவை ஆராய்ந்து எழுதிய நூலில் இந்த நாடகக்காரர்களுக்கு உரிய இடத்தைத் தந்திருக்கிறார். அதற்கு முன்பு படித்தவர்களின் வரலாற்றில் அவர்களுக்குத் திண்ணைகூடக் கிடைக்கவில்லை.

விஸ்வநாததாஸ் எப்போதும் மறைத்தே பாடினார் என்று சொல்ல முடியாது. ஜாலியன்வாலாபாக் படுகொலையைப் பற்றி வெளிப்படையாகவே பாடினார். சிறைக்குப் போனதற்கு அதுபோன்ற பாட்டுகளும் காரணம். ஆனாலும் ஊர் ஊராக நிலைத்தது கொக்குப் பாட்டுதான். நேரடியான பாட்டு செய்தியோடு பழசாகிறது. கதைக்குள் வைத்த பாட்டுக்குக் கதையின் ஆயுள் கிடைக்கிறது. 2015 அக்டோபர் 30 அன்று அரசு மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவனைக் கைது செய்து, வெள்ளைக்காரன் விட்டுப்போன அதே 124ஏ ராஜதுரோகப் பிரிவைப் போட்டார்கள். கோவன் எதையும் மறைக்கவில்லை, அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் பாட்டில் கேட்பவர் தானாக முடிக்க வேண்டிய பாதி என்று ஒன்று இல்லை.

இனி குறைகளுக்கு வருகிறேன். ஸ்பெஷல் நாடகத்தின் கட்டில்லாத அமைப்புதான் போலீசிடமிருந்து காப்பாற்றியது. பூட்டி சீல் வைக்கக் கம்பெனி இல்லை. ஆனால் அதே அமைப்பில் நடிகர் சிறைக்குப் போனால் குடும்பத்துக்கு அரிசி போடவும் ஆள் இல்லை. முன்பணம் கொடுத்த காண்டிராக்டர் அடுத்த ராஜபார்ட்டைத் தேடிக்கொள்வார். விஸ்வநாததாஸின் வீடு கடனில் மூழ்கியது. இரண்டாம் உலகப் போருக்கு ஆதரவாகப் பாடினால் வீட்டை மீட்டுத் தருவதாகக் கவர்னர் தரப்பிலிருந்து சொல்லி அனுப்பியதாகவும், அவர் மறுத்ததாகவும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மறுத்தது அவர் பெருமை. அப்படி மறுக்கவேண்டிய நிலையில் அவரை விட்டுவைத்தது அவர் பாட்டில் கூட்டம் சேர்த்த இயக்கத்தின் பிழை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. விஸ்வநாததாஸ் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். ஊர் அவர்களை நாவிதர் என்று தள்ளி வைத்திருந்தது. அதைக் காரணம் காட்டி அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். முருகனாக அவர் வந்தால் கும்பிட்டவர்கள், வேடம் கலைத்தபின் அவரை எங்கே உட்காரவைத்திருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. தேசம் விடுதலை பெறவேண்டும் என்று பாடிய அதே மேடையில், பாடியவருக்கு விடுதலை இல்லை. அந்தக் கொடுமையைக் கொக்குப் பாட்டு போலக் கதைக்குள் வைத்துப் பாட முடியவில்லை. வள்ளி குறத்தி, முருகன் அவளைத் தேடி வருகிறான் என்ற கதையிலேயே அதற்கு இடம் இருந்தும் முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதுதான் என் வாதத்தின் மையம். மறைத்துப் பாடும் கலைக்குப் பாடுபவரும் கேட்பவரும் ஒரே பக்கம் நிற்கவேண்டும். எதிரி கொட்டகைக்கு வெளியே இருக்கவேண்டும். எதிரி முன்வரிசையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தால், பாட்டின் மீதிப் பாதியை முடிக்க ஆளே இல்லை. ஆள்பவனுக்கு எதிராக அது கூர்மையான ஆயுதம். கேட்பவர்களின் மனசாட்சிக்கு எதிராக அது வீசப்படவே இல்லை.

எங்கள் பக்கத்து அனுபவமும் இதையே சொல்கிறது. கருங்குழி, படாளம், மதுராந்தகம் வட்டாரம் ஸ்பெஷல் நாடகத்தைவிடத் தெருக்கூத்துக்குப் பழகிய மண். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் கட்டியங்காரனுக்கு எதையும் சொல்லும் உரிமை உண்டு. துரியோதனன் சபைக்கு ரேஷன் கடையைக் கொண்டுவருவான், ஏரித் தண்ணீரைக் கொண்டுவருவான், அமைச்சரைக் கிழிப்பான். ஜனம் சிரித்துப் புரளும். ஆனால் திருவிழாச் செலவை ஏற்றவர்கள் முன்னால் அமர்ந்திருக்க, கூத்து எந்தத் தெருவுக்குள் போகாது என்பதை மட்டும் அவன் தொடுவதில்லை. அவன் கோழை இல்லை. விடிந்ததும் கூலி வாங்கவேண்டியது அவர்களிடம்தான்.

ஆட்சி மாறியபின் இந்தக் கலைக்கு என்ன ஆனது? ஸ்பெயினில் பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் கட்டலான் மொழிப் பாடகர் லூயீஸ் யாக்கின் கதையோடு ஒப்பிட்டால் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது. கட்டலான் மொழி பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் விரட்டப்பட்டிருந்த காலத்தில், 1968-இல், உளுத்துப்போன ஒரு முளைக்குச்சியில் கட்டப்பட்டவர்கள் சேர்ந்து இழுத்தால் அது விழும் என்று ஒரு பாட்டு எழுதினார். அதுவும் நம் கொக்குப் பாட்டின் ஜாதிதான். பாடத் தடை வந்தது, அவர் பாரிசுக்குப் போனார். 1975-இல் பிராங்கோ இறந்தார். நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், 1976 மார்ச் 3 அன்று, விட்டோரியா நகரில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். யாக் அதற்காக ஒரு நெடும் இசைப்படைப்பையே ஆக்கினார். சர்வாதிகாரி போனபிறகும் துப்பாக்கி இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். பிற்காலத்தில் அவர் கட்டலோனியத் தனிநாட்டு அணியில் சேர்ந்து 2015-இல் கட்டலோனியப் பிராந்தியப் பாராளுமன்ற உறுப்பினரானதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. கட்சிக்குள் போன பாடகரின் பாட்டைக் கட்சிக்காரர் மட்டும்தான் முழுசாகக் கேட்பார்.

நம்மிடம் விஸ்வநாததாஸ் விடுதலையைப் பார்க்கவில்லை. பாஸ்கரதாஸ் பார்த்தார், 1952-இல் இறந்தார். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தபோது, அந்தக் கதைக்குத் துளியும் சம்பந்தமில்லாமல் காந்தியின் ராட்டையைப் பற்றிய பாட்டைச் சேர்த்தவர் அவர். ஒளித்துவைக்கும் வித்தையை நாடகத்திலிருந்து சினிமாவுக்குக் கொண்டுபோனவர் என்றே சொல்லலாம். அவர் பாட்டுகளைப் பாடிப் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாள் 1951-இல் மேலவை உறுப்பினரானார். ஆனால் புதிய ஆட்சியைப் பார்த்து அந்த முகாமிலிருந்து ஒரு கொக்குப் பாட்டு வரவில்லை. கொக்கு பறந்துபோனதும் பாட்டுக்கு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள்.

கேட்பவர்களின் நம்பிக்கையை மேடையிலேயே கேள்வி கேட்டவர் எம். ஆர். ராதா. மறைத்துப் பேசுவது அவருக்குத் தெரியாது. அவர் நாடகங்களை அடக்க 1954-இல் சென்னை மாநில அரசு, விஸ்வநாததாஸைத் தியாகி என்று போற்றிய காங்கிரசின் அரசு, தனக்கென ஒரு நாடகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெள்ளைக்காரனின் 1876 சட்டத்துக்கு அது நேர்வாரிசு. அதை எதிர்த்து உயர்நீதிமன்றம் போனவர் செங்கல்பட்டில் பிறந்த ஞாநி, 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்தியவர். 2013-இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. விடுதலைக்குப் பிறகு அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

திருமங்கலத்தில் விஸ்வநாததாஸுக்கு நினைவு இல்லம் இருக்கிறது, அது நல்லதுதான். பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளை அவர் பேரன் ச. முருகபூபதி தொகுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார். அது இன்னும் நல்லது. ஆனால் பாட்டுகளைத் தனியாகத் தொகுத்துப் படித்தால் இந்தக் கலையின் பாதிதான் கையில் சிக்கும். எந்த நாடகத்தில், எந்தக் காட்சியில், எதற்குப் பின் எதற்கு முன் அந்தப் பாட்டு வந்தது, என்ன மெட்டு, அதற்காக எங்கே வழக்கு விழுந்தது என்ற குறிப்புகளோடு ஒரு பதிப்பு வேண்டும். தடைசெய்யப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வள்ளி திருமணத்தை இரவெல்லாம் பாடத் தெரிந்த மூத்த கலைஞர்கள் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வேலை பார்க்க ஒரு பல்கலைக்கழகத் துறை முன்வந்தால் போதும். அதை அந்த மூத்தவர்கள் இருக்கும்போதே செய்யவேண்டும்.