பழத்தின் நிறம் மட்டும் போதுமா?

கொடைக்கானல் பக்கத்தில் தாட்பூட் பழம் என்றும், இலங்கைத் தமிழர்களிடையே கொடித்தோடை என்றும் வழங்கும் பேஷன் பழம் இப்போது சமவெளி வீடுகளின் பந்தலுக்கும் வந்துவிட்டது. இதை வளர்க்கச் சொல்லும் குறிப்புகளும், நாற்றுப்பண்ணைகள் கன்றில் கட்டித் தரும் சீட்டுகளும் பெரும்பாலும் ஒரே அடையாளத்தைத்தான் கூறுகின்றன: தோல் ஊதாவாக இருந்தால் ஒரு வகை, மஞ்சளாக இருந்தால் மற்றொரு வகை. இந்த அடையாளம் பொய்யன்று, ஆனால் போதாது. பந்தல் நிறையப் பூத்தும் காய் காணாத வீடுகளுக்கு இந்தக் குறைபாடே ஒரு காரணம் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறத்தால் பிரிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? 1818ஆம் ஆண்டில் ஜான் சிம்ஸ் என்ற ஆங்கிலத் தாவரவியலார் இக்கொடிக்குப் பாசிஃபுளோரா எடுலிஸ் என்று பெயரிட்டார். 1932இல் ஹவாய்த் தீவுகளின் தாவரங்களை ஆராய்ந்த ஓட்டோ டெஜனர், மஞ்சள் பழம் தருவதை அதே இனத்தின் தனி வடிவமாகக் கொண்டு ஃபிளாவிகார்ப்பா என்று பெயர் சூட்டினார். மஞ்சட்கனி என்பதே அச்சொல்லின் பொருள். அடையாளம் முழுவதும் தோலின் நிறத்தில் நின்றுவிட்டது.

இதை மறுத்து 2008இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் பெர்னாச்சியும் அவருடைய தோழர்களும் எழுதினர். இவ்வினத்தில் பழத்தின் நிறம் பலவாறு வேறுபடுகிறது. ஆகவே நிறத்தை வைத்துத் தாவரவியல் வடிவம் வகுப்பது பொருந்தாது. பயிர் இரகத்தின் பெயரைச் சொல்வதே முறை என்பது அவர்கள் வாதம். இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் குடகு மாவட்டச் செட்டள்ளி நிலையத்தில் ஊதாவையும் மஞ்சளையும் கலந்து உருவாக்கிய ‘காவேரி’ என்ற இரகத்தின் பழம் ஊதா நிறமே. தோலை மட்டும் பார்ப்பவர், அதற்கு மஞ்சள் பெற்றோர் ஒன்று இருப்பதை எப்படி அறிவார்?

ஆராய்ச்சியாளரைப் பொறுத்தவரை பெர்னாச்சி குழுவினரின் முடிவு சரியானதே. ஆனால் வீட்டில் ஒரு கொடி நடுபவருக்கு அது பாதி உதவிதான். இரகத்தின் பெயரே எழுதாத சீட்டுடன் கன்று வாங்குபவர் என்ன செய்வார்? அவருக்குக் கொடியே தரும் அடையாளங்கள் வேண்டும். அவை இல்லாமல் இல்லை.

முதலாவது, பூ விரியும் நேரம். ஊதா வகையின் பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். மஞ்சள் வகையின் பூ நண்பகலை ஒட்டி விரிந்து இரவு ஒன்பது, பத்து மணி வரை நிற்கும். இரண்டாவது, பற்றுக்கம்பி. மஞ்சள் வகையில் பற்றுக்கம்பியும் இளந்தண்டும் சற்றே செம்மை படர்ந்திருக்கும். ஊதா வகையில் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். மூன்றாவது, விதை. மஞ்சளின் விதை கரும்பழுப்பு. ஊதாவின் விதை கறுப்பு. ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கலப்பினங்களில் இவையும் கலந்து வரக்கூடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். விடை பழத்தில் இருக்கிறது. ஊதா வகை குளிர்ந்த மலைப்பகுதிக்கு உகந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நன்கு காய்க்கும். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தாழ்ந்த, வெப்பம் மிகுந்த சமவெளிக்கு ஏற்றது மஞ்சள் வகையே. ஆனால் மஞ்சளுக்கு ஒரு குணம் உண்டு: தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. தாவரவியலார் இதனைத் தன்னொவ்வாமை என்பர். வேறு கொடியின் மகரந்தம் வந்தாலன்றிக் காய் பிடிப்பது அரிது. ஊதா வகை பொதுவாகத் தன் மகரந்தத்தையே ஏற்கும். சீட்டுகள் சொல்லாமல் விடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் ஒருவர் மஞ்சள் கொடி ஒன்றை நடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடி செழித்துப் பூக்கிறது. அழகைப் பார்த்து அண்டை வீட்டார் அனைவரும் தண்டுத்துண்டு வாங்கி நடுகிறார்கள். இரண்டாண்டில் தெருவில் பத்துப் பந்தல். ஆனால் காய் இல்லை. காரணம் என்ன? தண்டிலிருந்து வந்த பத்துக் கொடிகளும் மரபியல்படி ஒரே கொடிதான். மண்ணைக் குறை கூறுவதிலும் உரம் கொட்டுவதிலும் பயனில்லை. வேறிடத்திலிருந்து வந்த ஒரு கொடி போதும். விதையிலிருந்து வளர்ப்பவர், ஒரே பழத்தின் விதைகளில் முளைத்த கன்றுகளிலும் சில ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகலாம் என்பதால், வெவ்வேறு பழங்களின் விதைகளை இட்டு மூன்று நான்கு கன்றுகளையாவது நடுவது நல்லது.

துணைக்கொடி இருந்தாலும் மகரந்தத்தைச் சுமக்க ஓர் உயிர் வேண்டும். பூ பெரிது, தேனீ சிறிது. அது மகரந்தத்தை அள்ளிக்கொண்டு, உயரத்தில் உள்ள சூல்முடியைத் தொடாமலே போய்விடும். உடல் பருத்த தச்சுத்தேனீயே ஏற்ற தூதுவன். உலர்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழும் இதனை நம் மக்கள் கருவண்டு என்பர். அது வராத இடத்தில் நம் கை போதும். பூ விரிந்ததும் நிமிர்ந்து நிற்கும் மூன்று சூல்தண்டுகளும் சற்று நேரத்தில் கீழ்நோக்கி வளையும். அப்போது ஒரு கொடியின் மகரந்தத்தை மென்தூரிகையால் எடுத்து, மற்றொரு கொடியின் சூல்முடிகளில் தடவ வேண்டும். மஞ்சள் பூ பிற்பகலில் திறந்திருப்பதால், முதல் ஷிப்டு முடிந்து இரண்டு மணிக்கு மேல் வீடு திரும்பும் தொழிலாளியும் இதைச் செய்யலாம். மழை நாளில் பயன் குறைவு. நனைந்த மகரந்தம் வெடித்துவிடும்.

துணையும் தூரிகையும் இல்லாமலே வேலியோரத்தில் ஒரு கொடி காய்க்கிறதே என்று சிலர் வியக்கலாம். பிசுபிசுப்பான வலைபோன்ற பூவடிச் செதில்களுக்குள் சிறு பழம் தாங்கும் அக்கொடி சிறுபூனைக்காலி. அதே குடும்பத்தின் வேறோர் இனம் அது. தன் மகரந்தத்தை ஏற்கும். உறவினர் குணத்தை வைத்து மஞ்சள் கொடியை எடைபோடக் கூடாது.

ஆகவே, நிற அடையாளத்தை நீக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அதனுடன் நான்கு செய்திகள் சேர வேண்டும்: இரகத்தின் பெயர், கன்று விதையில் வந்ததா தண்டில் வந்ததா, பூ விரியும் நேரம், துணைக்கொடி தேவையா என்பது. ஒரு சிறு சீட்டில் எழுத இவை நான்கு வரிகூட ஆகா. எழுதாத பண்ணையில் வாங்குபவர் இந்த நான்கையும் கேட்டு வாங்க வேண்டும்.