வழிநூலுக்குப் பெயரிடல்

நூல் ஒன்று பெயர் பெறும் வழிகளைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் வகுத்துரைத்தார். முதனூல், ஆக்கியோன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை ஆகிய காரணங்களாலும், காரணம் கருதாத இடுகுறியாலும் நூலுக்குப் பெயர் அமையும் என்பது அவர் கொள்கை. ஆக்கியோனால் பெயர் பெற்றது தொல்காப்பியம். தன்மையால் பெயர் பெற்றது நன்னூல். சுவடிக்கு வகுத்த இவ்விதி கணினி நிரலுக்கும் பொருந்துமா என ஆராய்தல் பயனுடைத்து.

மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த 'க்னூ' என்னும் திட்டப்பெயர், 'யூனிக்ஸ் அன்று' என மறுத்துக்கொண்டே யூனிக்ஸை நினைவூட்டுகிறது. இது முதனூலால் வந்த பெயர். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் படைப்புக்கு 'ஃப்ரீக்ஸ்' என்றே பெயரிட எண்ணியிருந்தார். அதனைப் பொதுக் கணினியில் ஏற்றிவைத்த ஆரி லெம்கே 'லினக்ஸ்' என்று பெயர் சூட்டினார். தற்புகழ்ச்சி தகாது என்பதால் சிறப்புப் பாயிரத்தைப் பிறர் செய்வதே நம் மரபு. ஆக்கியோன் பெயரைப் பிறர் இட்ட இந்நிகழ்ச்சி அம்மரபோடு இசைகின்றது.

இனி, சிக்கலான இடத்துக்கு வருவோம். 'ஓப்பன் ஆபிஸ்' என்னும் மென்பொருளின் பெயருரிமை 2010இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதனை வளர்த்த தன்னார்வலர் பலர் அவ்வாண்டு செப்டம்பரில் பிரிந்து தனி அமைப்பு கண்டனர். நிரல் பொதுவுடைமை, ஆதலின் அதனை எடுத்துச் செல்லத் தடையில்லை. பெயரோ வணிகக் குறி. அதனை எடுத்துச் செல்லல் இயலாது. பெயரைத் தருமாறு கேட்டும் அது கிட்டவில்லை. எனவே 'லிப்ரே ஆபிஸ்' பிறந்தது. ஆரக்கிள் மறு ஆண்டில் பழைய பெயரை அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளித்தது. எனினும் பிரிந்தோர் புதிய பெயரிலேயே நிலைத்துவிட்டனர்.

இலக்கண நோக்கில் லிப்ரே ஆபிஸ் ஒரு வழிநூல். முதனூலோடு பெரிதும் ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளை ஏற்பதே வழிநூலின் இலக்கணம். தொல்காப்பியத்தை அடியொற்றிய நன்னூலும் தனிப்பெயர் கொண்டே நிற்கிறது. அங்குப் புதுப்பெயர் ஆசிரியர் விருப்பம். இங்குச் சட்டத்தின் கட்டாயம். நூல் பொதுவாயிருக்கப் பெயர் மட்டும் ஒருவர்க்குரிய உடைமையாதல் பவணந்தியார் காலத்தில் எழாத சிக்கல். நன்னூல் விதி போதாமற்போகும் இடம் இதுவே.

'லிப்ரே' என்பது பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் விடுதலை உடையது என்று பொருள்படும். அம்மொழியார்க்கு அது காரணப்பெயர். நம் மாணவர்க்கோ இடுகுறி. சுங்கை பாக்காப்பில் வாழும் நாம் இதனை எளிதில் உணரலாம். 'பினாங்கு' மலாய் மொழியில் பாக்குமரத்தைக் குறிக்கும் காரணப்பெயர். மலாய் அறியாத தமிழர்க்கு வெறும் இடுகுறி. அதற்காகப் பெயரை மொழிபெயர்த்தல் தீர்வாகாது. 'கட்டற்ற அலுவலகம்' என்றால், ஒழுங்கு குலைந்த அலுவலகம் என்றன்றோ மாணவர் நகைப்பர்!

தமிழர் இட்ட பெயர்களையும் நோக்குவோம். தன்னார்வலர் ஆக்கிய தமிழ்த் தட்டச்சுக் கருவி ஒன்றின் பெயர் எ-கலப்பை. உழவன் படைச்சால் போல எழுத்து வரிசை அமைதலால் கலப்பை என்பது தன்மையால் வந்த நற்பெயரே. முன்னின்ற ஆங்கில எழுத்துதான் இடர் செய்கிறது. தமிழில் 'எ' வினாவெழுத்து. எக்கலப்பை என்றால் எந்தக் கலப்பை என்ற கேள்வி. ஒலி கருதி 'இ' என்று எழுதினாலோ அது சுட்டெழுத்து. இக்கலப்பை என்றால் இந்தக் கலப்பை. ஒரே கருவி ஓரிடத்தில் வினாவாகவும் மற்றோரிடத்தில் விடையாகவும் நிற்கிறது!

கட்டற்ற மென்பொருள் அன்றெனினும், நம் நாட்டு முத்து நெடுமாறன் 2005இல் வெளியிட்ட 'செல்லினம்' இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. செல்பேசியை நினைவூட்டும் 'செல்' தமிழ் வினையடியாகவும் நிற்கிறது. வல்லினம், மெல்லினம் என்ற இலக்கணப் பெயர்களின் ஓசையும் உடன் கேட்கிறது. அயற்பொருளைத் தழுவியும் தமிழ் அமைப்புக் குலையாத பெயர் அது.

ஆதலின், புதிய திட்டத்துக்குப் பெயர் தேடுவோர் மூன்றை நோக்குக. பெயரின் காரணம் பயன்படுத்துவோர் மொழியிலேயே விளங்கவேண்டும். தமிழ்ப் புணர்ச்சியில் வேறு பொருள் தோன்றலாகாது. பெயருரிமை தனியொருவரிடம் சிக்காமல் ஆக்கியோர் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும். முதலிரண்டையும் காக்க இலக்கணப் பயிற்சி போதும். மூன்றாவது தவறினால், பல்லாண்டு உழைத்தோர் தாம் வளர்த்த பெயரை விட்டு வெறுங்கையோடு வெளியேற நேரும். பெயரியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வெடுத்துக்காட்டுகளையும் வகுப்பறைக்குக் கொண்டுசெல்வாராக. நாளை மென்பொருள் ஆக்கிப் பெயரிடப் போகிறவர்கள் அங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களே.