பாலாற்றங்கரைப் பேச்சும் பண்டிதர் நகைப்பும்

தென்பாண்டிச் சீமைக் கதையிலே ஒருவன் “ஏலே” என்று விளித்தால் மண்வாசனை என்று மெச்சுகிறார்கள். ஆம்பூர்க்காரன் “இன்னா” என்று வாய் திறந்தால் கொச்சை என்று முகஞ்சுளிக்கிறார்கள். இரண்டும் தமிழ்; இரண்டும் ஏட்டிலே இல்லாத தமிழ். ஒன்றுக்கு மாலை, மற்றொன்றுக்கு நகைப்பு! இது எந்த நியாயம்? இலக்கணம் அளித்த தீர்ப்பா இது? இல்லை என்று காட்டுவது கடினமன்று.

ழகரத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கே பலர் வாயில் பழம் ‘பளம்’ ஆகிறது. வடக்கே பலர் வாயில் ‘பயம்’ ஆகிறது. இருவருமே ழகரத்தைக் கைவிட்டவர்கள்தாம். ஆயினும் ‘பளம்’ கேட்டுச் சிரிப்பவரைக் காணோம். ‘பயம்’ கேட்டால் கொட்டகை அதிர்கிறது. ‘வந்துகொண்டு’ என்பது மதுரையில் ‘வந்துகிட்டு’ என்றும், வேலூரில் ‘வந்துகினு’ என்றும் தேய்ந்தது. தேய்ந்த அளவு ஒன்றே. பெற்ற மரியாதைதான் வேறு.

இன்னும் கேளுங்கள். ‘என்னாண்ட’ என்று வடக்கத்தியான் சொல்வது ‘அண்டை’ என்னும் நல்ல தமிழ்ச் சொல்லின் வழி வந்தது. ‘கயினி’ என்று அவன் சுட்டும் நன்செய், சங்கப் புலவர் பாடிய கழனியேயன்றி வேறல்ல. தஞ்சைத் தரணியிலே ‘கொல்லை’ என்றால் வீட்டின் பின்புறம். வட ஆர்க்காட்டு உழவனுக்கோ கொல்லை என்பது அவன் கேழ்வரகு விதைக்கும் புன்செய். முல்லைத் திணைப் பாடல்களிலே வரும் கொல்லையும் அப்படிப்பட்ட நிலந்தானே? பழம்பொருளை மறந்தவர், அதைக் காத்து நிற்பவனைப் பார்த்துக் கொச்சை என்கிறார்!

பண்டிதர்கள் உடனே தொல்காப்பிய உரைகளைத் தூக்கி வருவார்கள்; செந்தமிழ் நிலம், கொடுந்தமிழ் நிலம் என்று கோடு கிழிப்பார்கள். கிழிக்கட்டும். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது? வையைக்கு வடக்கு, மருதயாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு என்று உரையாசிரியர்கள் எல்லை வகுத்தனர். அதற்கப்பால் அவர்கள் அடுக்கிய நாடுகளின் வரிசையில் அருவா வடதலை இருக்கிறது. தென்பாண்டி நாடும் அதே வரிசையில்தான் இருக்கிறது! பழைய வேலியின்படி பார்த்தால் நெல்லையும் வேலூரும் ஒரே பக்கத்து அயலவர். பிறகு எப்படி ஒருவர் உள்ளே வந்தார், மற்றவர் வெளியே நின்றார்?

உலகத்தைப் பார்த்தால் விடை விளங்கும். அமெரிக்காவிலே நகைப்புக்கு இலக்காவது தென்னாட்டுப் பேச்சு, நகைப்பவர் வடக்கத்தியர். மார்க் ட்வெய்ன் தம் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நூலின் முகப்பிலேயே, இதிலே பல வட்டாரப் பேச்சுகளைக் கையாண்டிருக்கிறேன் என்று அறிவித்தார். 1885இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு நூலகம் அந்நூலை விலக்கியபோது, அதன் கரடுமுரடான பேச்சும் ஒரு குற்றமாகச் சொல்லப்பட்டது. ஒலிக்கென்று தனி உயர்வு உண்டா? ரகரத்தை விழுங்கிப் பேசுவது ஒரு காலத்தில் நியூயார்க்கில் நாகரிகம். 1962இல் வில்லியம் லபாவ் அந்நகரின் மூன்று கடைகளில் சோதித்தார். செல்வர் போகும் கடையின் பணியாட்கள் ரகரத்தை மிகுதியாக ஒலித்தனர். ஏழையர் போகும் கடையினர் மிகக் குறைவாக ஒலித்தனர். அதே ரகரந்தான், மாறியது அதை ஒலித்தவர்களின் அந்தஸ்து.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முஸ்லிம் குடும்பங்கள் பல, தமிழும் உருதுவும் ஒருங்கே பேசுகின்றன. அந்த உருது தக்கணி வழிப்பட்டது. ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’ என்பது அதன் அடையாளம். லக்னோவின் காதுக்கு அது கொச்சை. 1965இல் வெளிவந்த ‘கும்நாம்’ என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூத் ஐதராபாத்துத் தக்கணி பேசியது நகைச்சுவைக்காகத்தான். ஆகவே இந்தத் தோல் வட்டாரத்து மனிதர், தமிழ் பேசினால் வடக்கத்தியான் என்று சிரிப்பு; உருது பேசினால் தெற்கத்தியான் என்று சிரிப்பு! பழுது திசையிலே இல்லை, தோழர்களே. தோல் ஷாப்பிலே சுண்ணாம்புக் குழியில் நின்று பிழைப்பவன் யார், அவன் என்ன சாதி, அவனுக்கு எவ்வளவு கூலி என்று பாருங்கள். அவன் பேச்சு ஏன் இழிந்தது என்பது தெரிந்துவிடும்.

இனி நம் எழுத்தாளரிடம் வருவோம். வட ஆர்க்காடு தந்த பெரும் புதினப் படைப்பாளர் டாக்டர் மு. வரதராசனார். 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அவருடைய ‘அகல் விளக்கு’, வாலாசாப் பேட்டையும் அதன் சுற்றுப்புறமும் களமாகக் கொண்டது. தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற இராணிப்பேட்டை அதற்கு அருகில்தான். ஆனால் அதன் மாந்தர் பேசுவது எந்த ஊர்ப் பேச்சு? எந்த ஊர்ப் பேச்சும் அன்று. தூய ஏட்டுத் தமிழ். மொழிநூல் எழுதியவர், ஒலித்திரிபின் இயல்பை உணர்ந்தவர், தம் ஊர்த் திரிபை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவர் பக்கத்து நியாயம் இல்லாமலில்லை. அக்கிரகாரப் பேச்சே நாகரிகம் என்று ஏடுகள் பரப்பிய நாளில், வடசொல் கலவாத உரையாடலை எழுதியதே ஒரு புரட்சி. நம் மேடைத் தமிழும் அத்தகையதே. பள்ளியிலும் அலுவலகத்திலும் குனிந்து நின்றவனை நிமிர வைத்தது. ஆயினும் அடுக்குமொழியைக் கேட்டுக் கைதட்டியவன், தன் வீட்டுப் பேச்சைக் குறித்து வெட்கப்படலானான். பெரியார் ஒருவர்தான் பேசுகிறபடியே மேடையிலும் பேசினார்.

இதற்கிடையே கொங்குப் பேச்சை ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே ‘நாகம்மாள்’ மூலம் ஏற்றி வைத்தார். கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் கிடைத்தார், சொல்லகராதியும் கிடைத்தது. வடபுலத்துக்கோ ‘சபாஷ் மீனா’வின் ரிக்‌ஷாக்காரன் கிடைத்தான்! 1958இல் அந்தச் சென்னைப் பேச்சைப் பேசிச் சிரிக்க வைத்த சந்திரபாபு, தூத்துக்குடியில் பிறந்தவர். அவர் திறமைக்குக் குறைவில்லை; ஆனால் அந்தப் பேச்சுக்காரன் அழும் குரலைக் கேட்க, ஜெயகாந்தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ எழுதும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாலாற்றங்கரைக்கு அந்தக் குறையைத் தீர்க்கத் தொடங்கியவர் பேரணாம்பட்டின் அழகிய பெரியவன். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அவருடைய ‘தகப்பன்கொடி’யில் ஒடுக்கப்பட்டோர் வாழ்வு வேடிக்கையாக அன்று, வழக்காகவே வைக்கப்படுகிறது. இது போதுமா? போதாது. கி.ரா. தம் மாந்தரை மட்டுமன்று, கதை சொல்பவனையே கரிசல் பேச வைத்தார். நான் படித்த அளவில், பாலாற்றங்கரைக் கதைகள் பலவற்றில் ‘இன்னா’வும் ‘வந்துகினு’வும் மேற்கோள் குறிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன, குறி முடிந்ததும் ஆசிரியர் சட்டை மாற்றிக்கொண்டு ஏட்டுத் தமிழில் நமக்கு விளக்கம் சொல்ல வந்துவிடுகிறார். காலணித் தொழிற்சாலைகளிலே இன்று வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் ஒருத்தி, பேருந்திலே பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லும் அதே நடையில், முதல் வரி முதல் கடைசி வரி வரை தானே சொல்லும் ஒரு நாவல் வரட்டும். அதை நகைச்சுவைப் பகுதியில் சேர்க்கப் பண்டிதர் துணிகிறாரா என்று பார்ப்போம்.