வகுப்பறைக் கட்டுரையும் பட்டறிவு எழுத்தும்: ‘சாதியும் நானும்’ தொகுப்பை முன்வைத்து

தமிழ் கற்பித்தலில் ‘படைப்பாற்றல்’ என்னும் சொல் பெரிதும் கற்பனைத்திறன் என்னும் பொருளிலேயே வழங்கி வருகிறது. ‘நான் ஒரு பறவையானால்’, ‘ஒரு மரத்தின் தன்வரலாறு’ போன்ற தலைப்புகள் மாணவர்க்குத் தரப்படுகின்றன. மரத்திற்காகப் பேசப் பழகும் மாணவர் தமக்காகப் பேசும் வாய்ப்பைப் பெறுவது அரிது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் சட்டகமும் மதிப்பெண்ணும் அவ்வாய்ப்பை மேலும் குறுக்குகின்றன. இந்நிலையில், மாணவர் தம் வாழ்வையே எழுத முற்படும்போது நிகழ்வது யாது என்பதைப் பெருமாள்முருகன் பதிப்பித்த ‘சாதியும் நானும்’ (காலச்சுவடு பதிப்பகம், 2013) தொகுப்பின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொகுப்பின் தன்மை

நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் பெருமாள்முருகன். அவர்தம் மாணவர்களும் அவ்வட்டத்தைச் சார்ந்தோரும் எழுதிய 32 கட்டுரைகள் இத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. பல்வேறு சாதிப் பின்புலம் உடைய இவர்கள் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் அல்லர். மும்பையில் வாழும் அம்பை (சி.எஸ். லக்ஷ்மி) இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துள்ளார். 2018இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு, ‘தேங்காய்ச் சிரட்டையில் வரக்காப்பி’ எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. இழிவுபடுத்தும் வழக்கமொன்றை ஒரு புழங்குபொருளே உணர்த்திவிடுகிறது. பட்டறிவு எழுத்தின் வலிமை இத்தகைய நுண்விவரங்களில் தங்கியுள்ளது.

தலைப்பும் உரிமையும்

தலைப்புக் கொடுப்பதே உரிமைக்குத் தடை என்று கருதுவோர் உளர். இத்தொகுப்பு அக்கருத்தை மறுக்கிறது. 32 கட்டுரைகளுக்கும் பொருள் ஒன்றே. ‘சாதி ஒழிப்பு’ என்னும் தேர்வுக் கட்டுரையின் விடை எழுதுமுன்னரே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தெரியும். ‘என் சாதியும் நானும்’ என்பதன் விடையோ ஆசிரியர் அறியாதது. ஒடுக்குமுறைக்கு ஆளானவர் மட்டுமன்றி, அதனால் பயனடைந்தவரும் தம்மை ஆராய வேண்டிய கட்டாயம் இத்தலைப்பில் உண்டு. எனவே, எழுத்துரிமை என்பது தலைப்பின்மை அன்று, முன்முடிவின்மையே எனலாம்.

தொகுப்பின் வரையறை

இத்தொகுப்பின் மீது இரு கருத்துகளை முன்வைக்கலாம். ஒன்று, அச்சுநூலைக் கொண்டு பதிப்பாசிரியரின் செம்மையாக்கம் எவ்வளவு என அறிதல் இயலாது. முதல்வரைவுகளும் உடன் கிடைப்பின் கற்பித்தல் ஆய்வுக்கு அவை பெரிதும் உதவும். மற்றொன்று, இம்முயற்சி தேர்வு சார்ந்த பாடத்திட்டத்திற்கு வெளியேதான் உருப்பெற்றது. இது ஆசிரியர்க்குப் பெருமை, பாடத்திட்டத்திற்கோ குறை. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 சனவரியில் அவ்வாசிரியரே எழுத்தைத் துறப்பதாக அறிவிக்க நேர்ந்தமையும், 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே மீண்டும் எழுத வந்தமையும் இங்கு நினைக்கத்தக்கன. ஆசிரியர்க்கு இல்லாத எழுத்துரிமை மாணவர்க்குக் கைகூடாது.

மும்பை வகுப்பறைக்குப் பொருத்துதல்

இத்தொகுப்பு உணர்த்தும் நெறி தமிழகத்திற்கு வெளியேயுள்ள வகுப்பறைக்கும் உரியது. மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ்வழிப் பிரிவும் உண்டு. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், நெருள் பகுதிகளில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் பேச்சில் இந்தியும் மராத்தியும் கலந்தே வரும். அப்பிள்ளையிடம் தான் காணாத வயலையும் வாய்க்காலையும் வருணிக்கச் சொல்வது மனப்பாடத்தையே வளர்க்கும். பொதுக்குழாயடியையும் மின்தொடர்வண்டியையும் எழுதச் சொன்னால் சொற்கள் தாமே வரும். பிறமொழிச் சொற்களும் உடன் வரும். முதல் வாசிப்பிலேயே அவற்றைச் சிவப்பு மையால் அடித்தால், சொல்லோடு செய்தியும் அழிந்துபோகும். செய்தியை ஏற்றபின் மொழியைச் செம்மைசெய்தலே முறையாகும்.

முடிவாக, மாணவர் எழுத்தை வளர்க்கப் புதிய தலைப்புகள் மட்டும் போதா. விடை முன்னரே அறியப்படாத வினா, மதிப்பெண் சாராத முதல் வாசிப்பு, கூறியதற்காகத் தண்டிக்கப்படாமை ஆகிய மூன்றும் வேண்டும். ‘சாதியும் நானும்’ வகுப்பறைக்கு வெளியே சாத்தியமாக்கியதை வகுப்பறைக்குள் கொணர்வது தமிழ்த் துறைகளின் கடமையாகும்.